சடாரி என்னைத் தாண்டிப் போனது

வெள்ளி இரவு, கே.கே. நகர்.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் போக வேண்டும் என்றாள் வசந்தா. திங்கட்கிழமை அவளுடைய பயாப்சி ரிசல்ட் வருகிறது. மனைவி கேட்கும்போது மறுக்க முடியவில்லை. கூடப் போனேன்.

அவள் வழக்கமாகப் போகும் சின்னச் சன்னதியில் கூட்டமில்லை. பட்டர் தீர்த்தம் கொடுத்துவிட்டு, பெருமாளின் பாதம் பொறித்த சடாரியை ஒவ்வொருவர் தலையிலும் வைத்துக்கொண்டே வந்தார். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. கல்யாணமான புதிதில் இந்தப் பட்டரிடமே சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து என்னை மட்டும் விட்டுவிடுவார். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கும்.

இன்றும், "சாருக்கு வேண்டாம், தெரியும்" என்று சிரித்தபடி என்னைத் தாண்டிப் போனார். அப்போதுதான் கவனித்தேன். நான் தலை குனிந்து நின்றிருந்தேன்.

திரும்பும் டவுன் பஸ்ஸில் வசந்தா மெதுவாகச் சொன்னாள். "நான் பார்த்தேங்க. கூப்பிட்டிருந்தா வச்சிருப்பாரே."

"கழுத்து வலி" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஆதாரம் இருந்தால் மனதை மாற்றிக்கொள்வேன் என்று எல்லாரிடமும் பேசுகிறவன் நான். இன்று எந்த ஆதாரமும் வரவில்லை. தலை மட்டும் குனிந்துவிட்டது. பயம் என்று எழுதி முடித்துவிடலாம். பயம் மட்டும்தானா? தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

வசந்தா தூங்கிவிட்டாள். சடாரி பட்ட இடத்தில், அவள் உச்சந்தலையில் கை வைத்துப் பார்த்தேன். வெறும் முடிதான். வெதுவெதுப்பாக இருந்தது. இதை எழுதத்தான் கையை எடுத்தேன்.