மூக்கைத் துடைத்த கை

நவம்பர் 4, செவ்வாய்
விடியலிலிருந்து தூறல். பெரியநாயக்கன்பாளையம் பஸ்ஸில் வரிசையாக மூன்று தும்மல். பக்கத்து சீட்டு அம்மா எழுந்தே போய்விட்டார். கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றும்போதும் மூக்கு ஒழுகல். நேரம் பார்த்து வந்திருக்கிறது சனியன்! நாளை தம்பி சேவியர் வீட்டுக்குக் குழந்தை வருகிறான். ஒன்பது வருடம் காத்திருந்து, எட்டாம் மாதமே பிறந்து, மூன்று வாரம் ஆஸ்பத்திரிப் பெட்டிக்குள் கிடந்தவன். சளி பிடித்தவர் யாரும் கிட்டப் போகக்கூடாதாம், டாக்டர் கண்டிப்பு.
வாங்க: மிளகு, மாஸ்க், கைக்குட்டை 4.

5, புதன்
மனசு கேட்கவில்லை, போய்விட்டேன். மாஸ்க் போட்டு, கேட்டுக்கு வெளியே. தம்பி மனைவி ஸ்டெல்லா வாசலில் நின்று பையனைக் காட்டினாள். "வாங்க" என்று சொல்ல வாயெடுத்து, முழுங்கிவிட்டாள். நம் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருப்பது லேசா? நானே சொன்னேன், "இங்கயே நின்னுக்கறேன் அம்மணி."
உள்ளங்கை அளவு முகம். அழுதுவிட்டேன்.
ரசம், ஆவி. காய்ச்சல் இல்லை.

7, வெள்ளி
சேவியர் போன். "அக்கா, எனக்கும் மூக்கு ஒழுகுது." பத்தடி தள்ளித்தானே நின்றேன்? மதியம்தான் உறைத்தது. மாஸ்க்குக்குள் விரலை விட்டு மூக்கைத் துடைத்தேன். அதே கையால், படம் எடுத்து வரச் சொல்லி, என் போனைத் தம்பியிடம் கொடுத்தேன். முகத்தைக் கட்டிய மகராசி, கையை விட்டுவிட்டேன். பையனுக்கு ஏதாவது ஆனால்?

8, சனி
சேவியர் துணிப்பையோடு இங்கே. "என்னையும் தொரத்திப்போட்டா." இருவரும் மாறி மாறித் தும்மல். ஆன்டிபயாடிக் கேட்டதற்கு மெடிக்கல்காரர் முடியாதென்று தலையாட்டினார்: "சளிக்கு அது கேக்காதுங்க. சுடுதண்ணி குடிச்சு ரெஸ்ட் எடுங்க. மூச்சு வாங்குனா டாக்டர்கிட்டப் போயிருங்க."
ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டும். பயம்.

10, திங்கள்
வெயில். மூக்கு காய்ந்துவிட்டது. ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டுச் சொல்லியும் விட்டேன். "என்ற கையாலதான் அம்மணி உங்க வீட்டுக்குச் சளி வந்துச்சு."
"நீங்க தொடைச்சத அப்பவே பாத்தனுங்க அண்ணி. சொன்னாச் சங்கடப்படுவீங்கன்னு உட்டுட்டேன். அன்னிக்கிருந்தே அவரப் பையனத் தொட உடலீங்க."
"பையன்?"
"ஒரு தும்மல்கூட இல்லீங்க. நல்லாப் பால் குடிக்கறான்."
உட்கார்ந்துவிட்டேன். எனக்குத் தெரியாமல் என்னிடமிருந்து அவனைக் காப்பாற்றியிருக்கிறாள். வலிக்கத்தான் செய்தது. கும்பிடவும் தோன்றியது.
வைக்கும்போது சொன்னாள்: "முழுசாச் சரியாகட்டும். கேட்டுப் பக்கத்துல கொழாய் இருக்குதுங்க, சோப்பு வெச்சிருக்கேன். கை கழுவிட்டு உள்ள வாங்க அண்ணி."