ஜன்னலோர சீட்

மே 8

அன்புள்ள பாப்பாவுக்கு, மாமா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாடியே சொன்னேன். கார் கிளம்பும்போதே, "எல்லாம் மறந்துபோன மனுஷனை நினைவுத் தூண் பார்க்க யாராவது கூட்டிட்டுப் போவாங்களா?" என்று கேட்டேனா இல்லையா? நீதான் காதில் வாங்கவில்லை.

போனில் நேரத்துக்கு ஒரு விதமாகச் சொல்கிறேன் என்று கோபப்பட்டாய். சரி, எழுத்திலேயே தருகிறேன். நீயும் அக்காவும் டிக்கெட் வாங்கப் போனீர்கள். அத்தானை என் பொறுப்பில் விட்டீர்கள். நான் தூணின் சரித்திரத்தை எடுத்துவிட, அறுபது பேர் கூடிவிட்டார்கள். சம்பளம் வாங்கும் கைடே நோட்டில் குறித்துக்கொண்டான்! அப்போது ஒரு பஸ் வந்தது. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர், உன் அப்பா சும்மா இருப்பாரா? ஏறிவிட்டார். நான் புலி மாதிரிப் பாய்ந்தேன். கூட்டம் விடவில்லை. வடக்கே போகிற பஸ். ஜன்னலோர சீட். ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். கவலைப்படாதே.

அக்காவை இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மாமா

மே 11

மாமாவுக்கு,

அந்த வழித்தடத்தின் கடைசி ஊரிலிருந்து எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் லாட்ஜ்; ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை. அப்பா படத்தை ஒவ்வொரு கண்டக்டரிடமும் காட்டுகிறேன். "நம்ம ஆளும்மா, கண்டுபிடிச்சிடலாம்" என்கிறார்கள்.

ஏழு நாளாகிவிட்டது. அவருடைய மாத்திரை டப்பா என் கைப்பையிலேயே இருக்கிறது.

பஸ் என்ன நிறம்? ஒருமுறை நீலம் என்றீர்கள், ஒருமுறை பச்சை. கதை வேண்டாம் மாமா, கெஞ்சிக் கேட்கிறேன். நான் அழுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

பாப்பா

மே 13

அன்புள்ள பாப்பா,

நீலம். கீழே பச்சைக் கோடு. அதனால்தான் இரண்டும் சொன்னேன். என் கண் கழுகுக் கண் என்று உனக்குத் தெரியாதா?

சொல்ல விட்டுப்போன ஒன்று. பஸ் நகரும்போது அத்தான் என்னைப் பார்த்துக் கை காட்டினார். "மாப்ளே, வரட்டுமா!" என்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு! இதைச் சொன்னதும்தான் அக்கா எழுந்து உட்கார்ந்து ரெண்டு வாய் சாப்பிட்டாள். தைரியமாக இரு.

உன் மாமா

மே 16

மாமா,

நிஜமாகவே "மாப்ளே" என்று கூப்பிட்டாரா? ஆறு மாசமாக என்னைப் பார்த்தால், "யாரும்மா நீ, டிக்கெட் எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார். உங்களையாவது அடையாளம் தெரிந்ததே! அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை.

இன்று, அந்த வழியில் அன்றைக்கு ஓடிய பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்தேன். "என் பஸ்ல இவரு ஏறவே இல்லம்மா" என்றார். அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன், மாமா. "எங்க மாமா கண்ணால பார்த்தாரு, நீதான் பொய் சொல்றே!" என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

போலீஸும் பஸ்ஸை நம்பித்தான் இந்தப் பக்கமே தேடுகிறது. இன்னும் வடக்கே போகப்போகிறேன். நீங்கள் பார்த்தது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

பாப்பா

மே 18

பாப்பா,

வடக்கே போகாதே.

போனில் சொல்ல நாலு தடவை கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் வாயில் வேறு கதை வந்துவிடுகிறது. அதனால் இதை இன்றைக்கே உன் கையில் சேர்க்கச் சொல்லி பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

தூணுக்குப் பின்னால், கைப்பிடிச் சுவர் முடிகிற இடத்தில், ஏரிக்கு ஒரு ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. போலீஸை அங்கே தேடச் சொல். அந்தச் சுவரில்தான் அத்தானை உட்காரவைத்தேன். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்தத் தூணுக்குக் கல் சுமந்ததே எங்கள் தாத்தாதான் என்று அளந்துகொண்டிருந்தேன். கேட்டது அறுபது பேர் இல்லை. நாலு பேர். திரும்பினால் சுவர் காலி.

அக்கா ஓடிவந்து, "எங்கடா அவரு?" என்றாள். தெரியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கும் வாயில் வரவில்லை.

அத்தான் கை காட்டவில்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை.

பஸ்ஸே வரலை, பாப்பா.