உன் கம்ப்யூட்டருக்குப் புதுக் கார்டு போட்ட கதை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம், முழங்கால் மட்டும் அவ்வப்போது தானும் இருப்பதாக ஞாபகப்படுத்துகிறது, மற்றபடி குறையில்லை. நீ அங்கே உடம்பாலும் மனதாலும் நன்றாக இருக்கிறாயா? போனில் சொல்கிற 'நல்லா இருக்கேம்மா' வேண்டாம், நிஜமாகக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமை என்ன பேசினோம் என்று யோசித்துப் பார். அங்கே குளிரா என்று நான் கேட்டேன், இங்கே மழையா என்று நீ கேட்டாய், சாப்பிட்டாயா என்று இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு வைத்துவிட்டோம். அதற்கு முந்தைய வியாழக்கிழமை கம்ப்யூட்டர் திரையில் நீ என்னைக் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் ஓடிப்போனேன் அல்லவா, அதைப் பற்றி நீயும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. போனில் எனக்குச் சொல்ல வராது, உனக்கோ கேட்கவே வராது, அப்படியே உன் அப்பா. அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீளமாகத்தான் போகும், ஏதாவது சூடாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

முதலில் வீட்டுச் சங்கதி. மாடியில் குடியிருக்கும் டிரைவிங் டீச்சர் போன வாரம் ஒரு மாணவியிடம் மாட்டிக்கொண்டு, பிரேக் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி, மூன்று நாள் ஊமை நாடகம் நடத்தினாள். இப்போதுகூடப் படியிறங்கும்போது அவளுடைய வலது கால் எதையோ அழுத்தப் பார்க்கிறது. உன் அத்தை போன் செய்து, "தனியா எதுக்குக் கிடக்குற, எங்ககூட வந்து இரேன்" என்று உருகினாள், நானும் நெகிழ்ந்துபோய்க் கேட்டுக்கொண்டிருந்தேன், அடுத்த மூச்சிலேயே சமையல்காரி நின்றுவிட்டாள் என்றாள். உருகியதன் காரணம் விளங்கிவிட்டது. எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் முதலாளி லென்ஸ் தேய்க்கப் புது மெஷின் வாங்கிவிட்டார், ஆனாலும் கண்ணாடியை ஆள் முகத்தில் பொருத்திப் பார்ப்பது இன்னும் என் வேலைதான். நாள் முழுக்க யார் யார் முகத்துக்கோ அரையடி தூரத்தில் நின்று, காது மடலைத் தொட்டு, மூக்கில் அழுத்துகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தால் என் முகத்தை நிமிர்ந்து பார்க்க ஒரு ஜீவன் கிடையாது. இதை உனக்குச் சொல்லக்கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன், சொல்லிவிட்டேன், போகட்டும்.

நீ விட்டுப்போன அந்தக் கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன். நீ வெளிநாடு போன பிறகும் அப்பா அதற்கு முன்னால் உட்கார்ந்து, காதில் அந்தப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "டேய் பின்னாடி பாருடா, பின்னாடி" என்று உன்னோடு விளையாடிக்கொண்டே கத்துவாரே, பம்பு நிலையத்தில் வேலை பார்த்த மனுஷன், பேசினாலே மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசித்தான் பழக்கம். அவர் போன பிறகு அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தேன். ஒருநாள் தூசி தட்டப் போனவள் சும்மா சுவிட்சைப் போட்டு, அந்த விளையாட்டின் படத்தை அழுத்தினேன். பெயரும் கேட்கவில்லை ஊரும் கேட்கவில்லை, அப்பாவின் பெயரிலேயே திறந்துகொண்டது. ஓரத்தில் நண்பர்கள் என்று ஒரு பட்டியல், அதில் ஒரே ஒரு ஆள், 'தூங்குமூஞ்சி'. அப்பா உன்னைத் திட்டும் பெயரை நீயே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. டீச்சரிடம் கேட்டேன், "பச்சைன்னா ஆள் உள்ள இருக்காங்கன்னு அர்த்தம்க்கா" என்றாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்து வந்ததும் அதைப் போட்டுவிடுவேன். விளையாடத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை. படத்தில் ஏதோ சேறு மாதிரிக் கலங்கலாகத் தெரியும், அதை யார் பார்த்தார்கள், எனக்கு வேண்டியது அந்தப் புள்ளி. தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி சாப்பிடுவேன். எனக்குச் சாயங்காலம் என்றால் உனக்கு விடிகாலை அல்லவா, தண்ணீர் தெளித்தாலும் எழாத பிள்ளை இப்போது கோழிக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கிறானே என்று பெருமையாகக்கூட இருந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் அந்த விளையாட்டைப் புதுப்பிக்கிறோம் என்று ஒரு கோடு ஊர்ந்தது, ஊர்ந்து முடிந்ததும் உங்கள் கிராபிக்ஸ் கார்டு போதாது என்று எழுதிக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. திரும்பத் திரும்ப அழுத்தினேன், அதே பாட்டு. புள்ளியும் போயிற்று. உன்னிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாய், ஆனால் எதற்கு என்று நீ கேட்டால் நான் என்ன சொல்வது? தினமும் உன்னை வேவு பார்க்கிறேன் என்றா? ஒரு வாரம் சும்மா இருந்து பார்த்தேன், பொழுது போகவில்லை என்று சொன்னால் அது பொய், பொழுது போயிற்று, சோறுதான் இறங்கவில்லை. கடைசியில் கம்ப்யூட்டர் கடைக்கே போய்விட்டேன். அந்தக் கடைக்காரர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "பேரனுக்காம்மா? என்ன கேம் ஆடுவாரு?" என்றார். எனக்குத்தான் என்றேன். உடனே பரம மரியாதையாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விளையாட்டின் பெயரைச் சொன்னதும், "கார்டு மட்டும் போதாதும்மா, உங்க பழைய பவர் சப்ளை இதைத் தாங்காது, அதையும் மாத்திடுங்க" என்றார். விலையைக் கேட்காதே, சொல்லமாட்டேன். வீட்டுக்கு ஆள் அனுப்பி மாட்டித் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். ஊசி முனை அளவு திருகை எல்லாம் மூக்குக் கண்ணாடியில் முடுக்குகிற கை இது, இதுக்கு ஒரு ஆளா என்று ஒரு திமிர்.

திமிருக்குப் பலன் கிடைத்தது கேள். என்னிடம் இருந்த ஸ்குரூடிரைவர் எல்லாம் அந்தப் பெட்டியின் திருகுக்கு முன்னால் பல் குச்சி மாதிரி இருந்தன, டீச்சரிடம்தான் கடன் வாங்கினேன். எந்த ஒயர் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு, பழைய கார்டைப் பிடுங்கி, பவர் சப்ளையை மாற்றி, புதுக் கார்டைச் சொருகினேன், 'டக்' என்று உட்கார்ந்தது. செங்கல் கனம், அதில் இரண்டு காற்றாடி வேறு. எல்லாம் சரி, மானிட்டர் ஒயரை மாட்டும்போதுதான் பின்னால் ஒரே மாதிரி ஓட்டைகள் தெரிந்தன. புதுக் கார்டில் இருந்தவற்றில் கறுப்பாகச் சின்ன மூடிகள் போட்டிருந்தார்கள், மேலே, கார்டோடு சேராமல் பெட்டிக்கே சொந்தமான இன்னொன்று திறந்தே இருந்தது. மூடி வைத்திருந்தால் அது நமக்கில்லை என்றுதானே அர்த்தம், நான் நாகரிகமாகத் திறந்த ஓட்டையில் சொருகிவிட்டேன். விளையாட்டு திறந்தது, புள்ளியும் வந்தது, ஆனால் படம் முன்னைவிட மோசம், விக்கல் எடுத்தவன் மாதிரி இழுத்து இழுத்து நின்றது. புள்ளியே இரண்டாகத் தெரிந்தது. இவ்வளவு கொட்டிக் கொடுத்து வாங்கிய கார்டு பொய் சொல்லுமா, என் கண்ணில்தான் கோளாறு என்று முடிவுக்கு வந்து, மறுநாள் எங்கள் கடையில் நானே நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். டாக்டர் சோதித்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் மாறலையே" என்றார். நான் விடவில்லை, நன்றாகப் பாருங்கள் என்று அவரைப் பாடாய்ப் படுத்தி, பவரைக் கால் பாயின்ட் கூட்டிப் புதுக் கண்ணாடியே செய்து மாட்டிக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இங்கே கூடத்தையும் இடித்துக் கட்டியாயிற்று. படம் மட்டும் அப்படியே இருந்தது, புதுக் கண்ணாடியில் தலைவலிதான் மிச்சம்.

போன வியாழக்கிழமை கடைக்கு ஒருவர் வந்து, போன மாதம் வாங்கிய கண்ணாடி மங்கலாகவே இருக்கிறது என்று சண்டை போட்டார். வாங்கிப் பார்த்தால் லென்ஸில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவர் உரிக்கவே இல்லை. உரித்துக் கையில் கொடுத்தேன், மனுஷன் வெட்கப்பட்டுப் போனார், நாங்கள் அவர் தலை மறையும் வரை அடக்கி வைத்திருந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டிக்குப் பின்னால் குனிந்து, கார்டில் இருந்த ஒரு கறுப்பு மூடியைப் பிடுங்கி, ஒயரை அங்கே மாற்றிச் சொருகினேன், அதுவரை படம் புதுக் கார்டு வழியாக வரவே இல்லை.

படம் வந்தது. என்ன சொல்ல, கண்ணைக் கழுவி விட்டது போல வந்தது. நான் இத்தனை நாள் சேறு என்று நினைத்தது மரச்சுவர். அப்பாவின் உருவம் அவர் கடைசியாக விட்டுப்போன ஆற்றங்கரையிலேயே நின்றுகொண்டிருந்தது, அவரைச் சுற்றி யாரோ ஒரு அறை கட்டியிருக்கிறார்கள். தலைக்கு மேலே கூரை, அது ஒரு பக்கம் கோணல், யார் கட்டியது என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, அவர்மேல் ஒரு சொட்டு விழவில்லை. சுவரில் விளக்கு ஏற்றி வைத்திருந்தாய். எதிரே ஒரு பெஞ்சு, அதில் உன் உருவம், தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தது, மேலே 'இடத்தில் இல்லை' என்று எழுதியிருந்தது. புள்ளி பச்சையாகத்தான் எரிந்தது, ஆனால் நீ இல்லை. அப்போதுதான்டா எனக்கு விளங்கியது. நீ கோழிக்கு முன்னால் எழுகிற பிள்ளை ஒன்றும் இல்லை, எரிய விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறாய். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதையாக, நான் மட்டும்தான் உன்னைப் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன், உன் பக்கத்திலும் அப்பாவின் பெயருக்கு நேராக ஒரு புள்ளி எரியும் என்று என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை. முதல்நாள் அந்தப் பெயர் எரிந்ததும் நீ என்ன பாடுபட்டிருப்பாயோ.

எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ, உன் உருவம் தலை நிமிர்ந்தது. கீழே எழுத்து வந்தது. "அம்மா." கொஞ்சம் பொறுத்து, "ஏம்மா நடுவுல அத்தனை நாளா வரல." அப்புறம், "பயந்துட்டேன்." அப்புறம், "இருக்கியா?" என் கை விசைப்பலகைமேல்தான் இருந்தது, எந்த விசையில் எந்த எழுத்து என்றுகூடத் தெரியவில்லை, கையும் களவுமாகப் பிடிபட்டவள் மாதிரி சுவர் சுவிட்சையே அணைத்துவிட்டேன். கோபத்தில் என்று நினைத்துக்கொள்ளாதே, வெட்கம், அதைவிடப் பெரிதாக என்னவோ ஒன்று. புள்ளி இல்லாத அந்த நாட்களில் நீ வேலை நாளில் எல்லாம் போன் செய்து, எதற்கு என்று கேட்டால் "சும்மாதாம்மா" என்றாயே, வேலையில் ஏதோ சிக்கல் என்று நினைத்து நான் இங்கே தனியாகப் பயந்துகொண்டிருந்தேன். உனக்கு நான், எனக்கு நீ, நல்ல கூட்டு.

வராமல் போனதற்குக் காரணம் கார்டுதான், வேறொன்றும் இல்லை, இப்போது அது திவ்யமாக ஓடுகிறது. ஆனால் ஒன்று. உனக்கு அங்கே சிரித்துப் பேச நாலு பேர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், நீயும் அப்படித்தான் சொன்னாய். அசையாமல் நிற்கும் ஒரு பொம்மைக்குக் கூரை போட்டு, எதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு நாலு பேர் இருக்க முடியாது. எனக்கும் இங்கே யாரும் இல்லை என்று மேலேயே எழுதிவிட்டேன், ஆகையால் இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அந்தப் பெஞ்சு நன்றாக இருக்கிறது, எனக்கு நடக்க மட்டும் சொல்லிக் கொடு, அப்பாவை நின்ற இடத்திலேயே நிற்க வைத்துக் கால் வலிக்கச் செய்கிறேன் என்று தோன்றுகிறது, வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்தைக் குனிந்து உட்காராதே, கண் எரிந்தால் தள்ளிப்போடாமல் சோதித்துக்கொள், சும்மா பவரைக் கூட்டி எழுதுகிற டாக்டரிடம் போகாதே. நோய் நொடி அண்டாமல், மனக்குறை தீண்டாமல், நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி நூறாண்டு வாழவேண்டும், உன் அப்பாவின் ஆசீர்வாதமும் சேர்த்து நானே சொல்கிறேன். மறக்காமல் ஒன்று செய். தூங்கப் போகும்போது அந்த விளையாட்டை அணைத்துவிட்டுத் தூங்கு, எனக்காக எரிய விடவேண்டாம். அணைந்திருந்தால் பயப்படமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன், பயப்படுவேன், பயந்தால் போன் செய்வேன், அது உனக்கு எந்த நேரமாக இருந்தாலும் எடு. பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேசாமல் இரு, நானும் பேசாமல் இருக்கிறேன், ஆனால் எடு.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா