உங்கள் இஷ்டம் என்று சொன்ன பிறகு

மேல் பிரிவு,
ஹல்துமுல்லை.
புதன்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

செசிலி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் டிலக்ஷியும் கெவினும் சுகம். நீங்கள் கத்தாரில் சுகமாக இருப்பது போனில் கேட்டுத் தெரிந்ததுதான். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் அதைக் கேட்காமல் கை நகர மாட்டேன் என்கிறது. இருமல் விட்டதா? ஏசி அறையிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து ஏசிக்கும் போய் வராதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். போனில் என்ன பேச முடிகிறது? நீங்கள் எடுத்தவுடன் கெவின் பிடுங்கிக்கொள்கிறான். அவன் விட்டால் டிலக்ஷி பள்ளிக்கூடக் கதை. பக்கத்து லயக் காம்பரா வீட்டிலிருந்து உங்கள் அண்ணனும் வந்து உட்கார்ந்துவிடுவார். உங்கள் பக்கமோ ஒரே அறையில் நாலு பேர். என் முறை வரும்போது சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். பதுளைக் கடைவீதியிலிருந்து உங்கள் கம்பனிக்கு வேலைக்குப் போயிருக்கிற பர்ஹான் தம்பி லீவு முடிந்து சனிக்கிழமை திரும்புகிறார். அவர் கையில் மாசிச் சம்பலும் இடித்த மிளகாய்த்தூளும் தேயிலைத்தூள் பக்கெட்டும் கொடுத்துவிடுகிறேன். அதோடு இதுவும் வரும். நீங்கள் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுகிற விஷயமாகத்தான் எழுதுகிறேன். மாதக் கடைசியில்தானே கையெழுத்து, அதற்குள் இது கையில் கிடைத்துவிடும். அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதீர்கள், வரிசையாகப் படியுங்கள்.

முதலில் என் கங்காணி உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். போனில் சொன்னபோது நீங்கள் பாதி கேட்டீர்கள், பாதி சிரித்தீர்கள். தை மாதம் நம் பிரிவில் முதல் தடவையாக ஒரு பொம்பளையைக் கங்காணியாகப் போட்டார்கள் என்றதும் உங்கள் அண்ணனுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அவர் கங்காணியாக இருந்த காலத்தில் நானும் அவர் முன்னால் தேயிலை நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தவள்தானே. மலை உச்சியில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால் கீழே ரோட்டில் போகிற பஸ் நின்றுவிடும். இப்போது என்னைப் பார்த்து, தொண்டை இல்லாத கங்காணி என்கிறார்.

தோட்டத்தை நடத்தப் புதுசாக வந்திருக்கிற சின்னத்துரை அந்த மாதிரி இல்லை. காலையில் பேர் போட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் அவரே முந்திக்கொண்டு வணக்கம் சொல்கிறார். என்னை செசிலி அக்கா என்கிறார். பதுளையில் இரண்டு நாள் தலைமைத்துவப் பயிற்சி என்று எங்களை வேனில் அனுப்பினார். றின்ஸா என்று கொழும்பிலிருந்து வந்த பிள்ளைதான் நடத்தியது. கட்டளை போட்டு வேலை வாங்குகிற காலம் போய்விட்டது, ஆட்களைக் கேளுங்கள், அவர்களோடு சேர்ந்து முடிவெடுங்கள் என்று சொன்னது. சொன்னதோடு விடாமல், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் அக்கா என்று என்னைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது. அத்தான், பிறந்ததிலிருந்து என்னை யாரும் அப்படிக் கேட்டுக் காத்திருந்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தும்மல் என்று சமாளித்தேன்.

திரும்பி வந்து அப்படியே செய்தேன். முட்டி வலிக்கிறவளுக்குச் சரிவான நிரை கொடுப்பதில்லை. பால் கொடுக்கிற தாய்மாரை, குழந்தைகளை விட்டு வருகிற பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்து மலையில் விடுகிறேன். எதுவானாலும் கேட்டுத்தான் செய்வேன். வேலைக்கு வராமல் நிற்கிறது குறைந்தது, கொழுந்தும் கூடியது. சின்னத்துரை வாட்சப்பில் பூப்போட்டு அனுப்பினார். அது எல்லாம் நல்லதுதான். ஆனால் கேட்கத் தொடங்கினால் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். புருஷன் குடிக்கிறது, மாமியார் முறைக்கிறது, மகள் படிப்பை விட்டது எல்லாம் என் தலையில். சாயங்காலம் காம்பராவுக்கு வந்து அடுப்பை மூட்டும்போது நெஞ்சு நிறைந்து கிடக்கும், கொட்ட ஆள் இருக்காது. சொல்ல நினைத்ததை எல்லாம் உங்களிடம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே கறியைத் தீய விட்டிருக்கிறேன். கெவின்தான் சாட்சி.

நீங்களும் அங்கே அப்படித்தான் என்று பர்ஹான் தம்பி சொன்னார். உங்களை டீம் லீடராகப் போடப்போவதே பயல்களோடு நீங்கள் பழகுகிற விதத்தைப் பார்த்துத்தானாம். நேபாளப் பையனுக்குக் காய்ச்சல் என்று கஞ்சி காய்ச்சி ஊட்டினீர்களாமே. இங்கே ஒரு நாளாவது அடுப்பை எட்டிப் பார்த்ததுண்டா? பெருமையாகத்தான் இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. இந்த வருஷம் டிலக்ஷிக்கு இரண்டு தடவை காய்ச்சல் வந்தது.

இனி உங்களிடம் மறைத்ததைச் சொல்கிறேன். பிள்ளைகளையும் சொல்லவிடவில்லை. பதறாதீர்கள், எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். போன செவ்வாய்க்கிழமை பதினோராம் நம்பர் மலையில் குளவி கொட்டிவிட்டது. எனக்குக் காதுக்குப் பின்னால் ஒரு கொட்டுத்தான். வீக்கம் வடிந்துவிட்டது.

அன்று காலையில் மலைக்கு ஏறும்போதே குளவிக் கூட்டை அஞ்சலின் பார்த்துவிட்டாள். கீழ் லயத்து அஞ்சலின், நம் கல்யாணத்தில் எனக்குத் தலை பின்னிவிட்டவள். பெரிய மரத்தின் கவட்டில் கூடை அளவு தொங்கியது. நான் எல்லாரையும் ரோட்டுக்குக் கூப்பிட்டேன். பயிற்சியில் சொன்ன மாதிரி கேட்டேன். இந்த மலையிலேயே எடுப்போமா, வேறு மலைக்குப் போவோமா? வேறு மலைக்கு ஏறி இறங்கினால் காலை நேரம் போய்விடும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும், அரை நாள் சம்பளம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூடு நமக்குத் தூரத்தில்தானே என்றாள் ஒருத்தி. அது ஒரு வாரமாக இருக்கிறதாம் என்றாள் இன்னொருத்தி. கூடிய பேர் இந்த மலையே போதும் என்றதால் நானும் சரி என்றேன். எனக்கு மனசில்லை, ஆனாலும் நிரை பிரித்துக் கொடுத்தேன். தேநீர் நேரத்துக்கு முன்னால் காற்றடித்தது, கூடு கலைந்தது. இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு செடிக்குள் விழுந்தோம். ஏழு பேருக்குக் கொட்டியது. அஞ்சலினுக்குத்தான் மோசம். ஹல்துமுல்லை ஆஸ்பத்திரியிலிருந்து பதுளைக்கு ஏற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போன் எடுத்தபோது நான் அவளைப் பார்க்கத்தான் போயிருந்தேன். முகம் இன்னும் ஊதியிருந்தது, ஒரு கண் திறக்கவில்லை. ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க, இன்னிக்கு இந்த மலை வேணாம், எறங்குங்கன்னு சொல்லியிருந்தா எறங்கியிருப்போம் அக்கா. எங்களக் கேட்டீங்க. அரைப்பேர் வேணும்னு எங்க வாயால எப்படிச் சொல்லுவோம்?"

பதுளையிலிருந்து பஸ் ஏறினேன். ஜன்னலோரம்தான் கிடைத்தது. எல்லாரும் எல்ல ஊர்ப் பக்கத்து மலைகளைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கண்ணில் எதுவும் ஏறவில்லை. அவள் சொன்னது காதிலேயே நின்றது. பண்டாரவளை தாண்டும்போதுதான் உங்கள் ஞாபகம் வந்து நெஞ்சில் இடித்தது.

அதற்கு முந்தின ஞாயிறு நீங்கள் என்ன கேட்டீர்கள்? ரெண்டு வருஷத்துக்குக் கேக்குறாங்க, பெரிய பதவி, நீ என்ன சொல்ற செசிலி, கையெழுத்துப் போடவா என்று கேட்டீர்கள். நான் உங்க இஷ்டம் என்றேன். மரியாதையாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அந்த றின்ஸாப் பிள்ளை கேட்டிருந்தால் மெச்சியிருக்கும் என்றுகூட நினைத்தேன். உங்கள் அறை ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சரி என்று வைத்துவிட்டீர்கள். முன்னறைக்கு இன்னும் கூரை போடவில்லை, டிலக்ஷி படிக்க வேண்டும், உங்கள் அண்ணன் வேறு, வந்த சீதேவியை உதைக்காதே என்கிறார். இத்தனைக்கும் நடுவில் நான் வீட்டுக்கு வரணும் என்று உங்கள் வாயால் எப்படி வரும்? அதை நான் சொல்வேன் என்றுதானே காத்திருந்தீர்கள்?

திங்கட்கிழமை எட்டாம் நம்பர் மலையில் இன்னொரு கூடு இருந்தது. யாரையும் கேட்கவில்லை. எறங்குங்க என்று ஒரு சத்தம்தான் போட்டேன். உங்கள் அண்ணனுக்குக் கேட்டிருந்தால் தொண்டையைப் பற்றி இனி பேசமாட்டார். பெண்கள் மறுபேச்சில்லாமல் இறங்கினார்கள். சின்னத்துரை கேட்டபோது நான்தான் இறக்கினேன், என்னைக் கேளுங்கள் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். முழுப்பேர் விழுமோ அரைப்பேர் விழுமோ தெரியாது. ஒன்றிரண்டு பேர் என்னோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கட்டும். கோபப்படவும் ஒரு ஆள் வேண்டுமே. மற்ற நாளில் வழக்கம்போல் கேட்டுக்கொள்கிறேன்.

அஞ்சலின் நாளைக்கு வீட்டுக்கு வருகிறாள். கெவினுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. நீங்கள் போனபோது பாலும் பிஸ்கட்டும் கேட்டவன், இப்போது உங்கள் சாரத்தைக் கட்டிக்கொண்டு நடக்கிறான். டிலக்ஷி பெரிய மனுஷியாகிவிட்டாள் என்று போனில் சொன்னபோது நீங்கள் பேச்சை மாற்றிக் கெவினைக் கேட்டது இன்னும் எனக்குள் கிடக்கிறது. நான் மலையில் நிற்கும்போது கீழே கொழும்பு மட்டக்களப்பு ரோட்டில் பஸ் வந்து நின்றால் பார்ப்பேன். நீங்கள் சொல்லாமல் வரமாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்காமல் இருக்க முடிவதில்லை. உங்களைப் பார்க்க வேண்டும் அத்தான். இரவில் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம் கேட்க வேண்டும். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. பர்ஹான் தம்பி பிரித்துப் படிக்காமல் இருக்க நன்றாக ஒட்டுகிறேன்.

கையெழுத்துப் போட வேண்டாம். வந்துவிடுங்கள்.

உங்களைக் கேட்டு இதை எழுதவில்லை. இது உங்கள் இஷ்டமும் இல்லை. கம்பனியில் கேட்டால், என் வீட்டுக்காரி வரச் சொல்லிவிட்டாள் என்று சொல்லுங்கள். அண்ணன் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். வந்த பிறகு கஷ்டம் வரும். கூரை இல்லாமல் ஒரு மழைக்காலம் போகலாம். பெரிய பதவியை விட்டு வந்தோமே என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றினால் என்மேல் கோபப்படுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் படுங்கள். என் பக்கத்தில் இருந்துகொண்டு படுங்கள்.

மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
செசிலி