ஆடு என்றுதான் சொன்னீர்கள்

வல்லத்திராக்கோட்டை
20.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சத்யா எழுதுகிறேன். நானும் நம் பாப்பா தேவிப்ரியாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன மாதம் மனு போட்டுப் பார்க்க வரவில்லையே என்று நினைக்க வேண்டாம். வலைக்கு அந்தப் பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நானும் நிற்க, சுற்றி ஐம்பது பேர் கத்திக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் என்ன பேசிவிட முடியும்? காகிதத்தில் என்றால் நிதானமாகச் சொல்லலாம்.

உங்களுக்குக் கோபம் வரக்கூடிய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் குட்டியானை லோடு வண்டியை விற்றுவிட்டேன். கேஸ் முடிந்த பிறகும் அது வேப்பமரத்தடியில் அப்படியே நின்றது. தண்ணீர் பிடிக்கப் போனாலும் வந்தாலும் அதன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். என் பெயரில் இருந்த வண்டி என்பதால் உங்கள் கையெழுத்து தேவைப்படவில்லை.

அதில் வந்ததோடு வங்கிக் கடனும் சேர்த்து இரண்டு பொருள் வாங்கியிருக்கிறேன். ஒன்று கம்ப்யூட்டர், பிரிண்டரோடு. இனி நான் டவுனில் ஆன்லைன் சென்டருக்கு வேலைக்குப் போக வேண்டாம். பட்டா, சாதிச் சான்று, கரண்ட் பில் எல்லாம் வீட்டிலிருந்தே செய்து கொடுக்கலாம். டிவி இருந்த இடத்தில் வைத்திருக்கிறோம். கரண்ட் போனால் கீழே இருக்கும் பேட்டரிப் பெட்டி கோழிக்குஞ்சு மாதிரிக் கத்துகிறது. இந்தக் கடிதம்கூட அதில் அடித்ததுதான்.

இன்னொன்று கார். சின்ன கார், வெள்ளை. ஐந்து பேர் உட்காரலாம் என்று கடையில் சொன்னார்கள், நாலு பேர் என்பதுதான் நிஜம். பின்னால் ஒரு அரிசி மூட்டை வைத்தால் மூடியைச் சாத்த முடியவில்லை. பெல்ட் போடாவிட்டால் விடாமல் கூவுகிறது. உள்ளே புது பிளாஸ்டிக் வாசனை, தேவிப்ரியாவுக்கு அது பிடித்திருக்கிறது, எனக்குத் தலை வலிக்கிறது. திருமயம் கோட்டை பைரவர் கோவிலில் தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். டிரைவிங் ஸ்கூலில் முப்பது நாள் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் வந்துவிட்டது. நான்தான் ஓட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சத்யா

*

மத்திய சிறை, திருச்சி
31.7.2025

அன்புள்ள சத்யாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அடித்து அனுப்பியிருக்கிறாய், ஏதோ ஆபீஸ் நோட்டீஸ் என்று நினைத்துப் பயந்துவிட்டேன். அடுத்த முறை கையால் எழுது.

வண்டியை விற்றது பற்றி என்ன சொல்ல? ஒன்பது வருடம் நமக்குச் சோறு போட்ட வண்டி. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உள்ளே இருப்பவனிடம் என்ன கேட்பது என்று நினைத்துவிட்டாய். போகட்டும்.

கார் வாங்கியது நல்லதுதான். சொல்வதைக் கேட்டுக்கொள். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதே. முதல் சர்வீஸ் வரை விரட்டாதே. பின்னால் காட்டும் கேமராவை நம்பாதே, கழுத்தைத் திருப்பிப் பார். வெயிலில் நிறுத்தாதே. டிசம்பரில் நான் வந்ததும் மஞ்சள் போர்டு மாற்றி வாடகைக்கு ஓட்டலாம். என் லைசென்ஸ் விஷயத்துக்கு ஆள் பார்ப்பதாகச் சேவுகன் அண்ணன் பொன்னமராவதியிலிருந்து வந்தபோது சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். மூக்கன் பொண்டாட்டி நம் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். நான் இரண்டு வருடம் இங்கே கிடப்பது அவர்களால்தான் என்பதை மறந்துவிடாதே. அவளை உள்ளே விடாதே. நடந்தது விபத்து. கோர்ட்டில் முடிந்துபோன கதை. ஊருக்கு இரக்கப்பட்டு நீ ஏதாவது இழுத்து வைக்காதே.

பாப்பாவை நன்றாகப் படிக்கச் சொல்.

இப்படிக்கு
ரத்தினவேல்

*

வல்லத்திராக்கோட்டை
17.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் கேட்டபடி கையால் எழுதுகிறேன்.

சொர்ணம் அக்கா வாசலில் உட்கார்ந்திருக்கவில்லை. உள்ளே கம்ப்யூட்டர் பக்கத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்த முதல் ஆள் அவர்தான். விதவை உதவித்தொகைக்கு முன்னே கொடுத்த விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டதாம், திரும்பப் போட வேண்டும் என்று வந்தார். என்னிடம் வர அவருக்கு எவ்வளவு மனசு வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்றார்.

ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தேன். கணவர் இறந்த தேதி என்று ஒரு கட்டம். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஒனக்குத்தான் தெரியுமே தாயி. நீயே போடு" என்றார்.

9.9.2022 என்று அடித்தேன். அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எப்படி எழுதுவது என்று நாலு நாளாக யோசித்தேன்.

போன வாரம் சனிக்கிழமை டவுனிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தேன். வாய்க்கால் பாலத்து வளைவில், சாயங்காலம் ஐந்தே முக்கால் இருக்கும், ஒரு ஆடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். வண்டி நின்றது. ஆடு என்னைப் பார்த்துவிட்டு மெதுவாக அங்கிட்டுப் போனது. அதன் காதில் அடையாளத்துக்கு வெட்டியிருந்ததுகூடத் தெரிந்தது, மாமா. வெளிச்சம் அவ்வளவு இருந்தது.

அன்றைக்கு நீங்கள் வந்ததும் அதே நேரம், அதே வளைவு வழியாகத்தான். வாசலில் வண்டியை நிறுத்தி, "ஆடு ஒண்ணு குறுக்க வந்திருச்சு சத்யா. முன்னாடி கொஞ்சம் கழுவி விட்ரு" என்றீர்கள். மூன்று குடம் தண்ணீர் ஊற்றினேன். துடைத்தும் விட்டேன். இரண்டு நாள் கழித்துப் பெட்ரோல் பங்க் கேமராவைப் பார்த்துப் போலீஸ் வந்த பிறகுதான் அது மூக்கன் அண்ணன் என்று தெரிந்தது. புல்லுக்கட்டைத் தலையில் வைத்து நடந்து வந்தவரை ஆடு என்று நினைத்துவிட்டதாகச் சொன்னீர்கள். நான் நம்பினேன். மூன்று வருடம் நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

குட்டியானையில் இந்தக் காரைவிட உயரமாக உட்காருவோம். முன்னால் மறைப்பதற்கு ஒன்றும் கிடையாது.

நிஜமாகவே ஆடு என்றுதான் நினைத்தீர்களா?

புதுக் காரை இன்னும் நான் கழுவவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறேன், கை வரவில்லை. தேவிப்ரியாதான் கழுவுகிறாள்.

சத்யா

*

மத்திய சிறை, திருச்சி
28.8.2025

சத்யாவுக்கு,

இங்கே ஒவ்வொரு கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியாதா? இதையெல்லாம் காகிதத்தில் எழுதுவார்களா?

அன்றைக்கு மேகமாக இருந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. பதினெட்டு வருடம் வண்டி ஓட்டியவன் நான். முப்பது நாள் கற்றுக்கொண்டு எனக்கு ரோட்டைப் பற்றிச் சொல்லித் தருகிறாய். எல்லாம் அந்தச் சொர்ணம் ஏற்றிவிடுவது. நான் வந்த பிறகு அவள் நம் வாசல் ஏறக் கூடாது.

இனி இதைப் பற்றி எழுதாதே. இன்னும் மூன்று மாதம்தான். அதுவரைக்கும் காரை எடுக்காமல் மூடி வை.

ரத்தினவேல்

*

வல்லத்திராக்கோட்டை
12.9.2025

மாமாவுக்கு,

படிக்கிறவர்கள் படிக்கட்டும். தண்டனை கொடுத்து முடித்தாகிவிட்டது, ஒரே குற்றத்துக்கு இரண்டு தரம் கொடுக்க மாட்டார்கள். நான் கேட்பது எனக்காக.

கோர்ட்டுக்கு நான் முதல் நாள் மட்டும்தான் வந்தேன். பிறகு நீங்கள் வர வேண்டாம் என்றீர்கள். "பொம்பளைக்கு அங்க என்ன வேலை, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். சரி என்று இருந்துவிட்டேன். தீர்ப்பை இப்போது வீட்டில் உட்கார்ந்தே எடுக்கலாம். வழக்கு எண்ணைப் போட்டதும் வந்துவிட்டது. இருபத்திரண்டு பக்கம், இங்கிலீஷில். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். தேவிப்ரியாவை அந்த நேரம் பக்கத்தில் வரவிடவில்லை.

அன்றைக்கு மேகம் இல்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்தவர், நல்ல வெளிச்சம், சத்தம் மட்டும் கேட்டது, ஒரு வண்டி நின்று பிறகு கிளம்பியது என்று சாட்சி சொல்லியிருக்கிறார். நின்றது உங்கள் வண்டிதானா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பது நிரூபணமாகவில்லை என்று நீதிபதி எழுதியிருக்கிறார்.

பதினான்காம் பக்கத்தில் டாக்டர் சொன்னது இருக்கிறது. அடிபட்ட பிறகு மூக்கன் அண்ணன் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் உயிரோடு இருந்திருக்கிறார். வாய்க்காலுக்குள் கிடந்ததால் ரோட்டில் போனவர்களுக்குத் தெரியவில்லை. காணோமே என்று தேடிப் போனவர்கள்தான் எடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போய்விட்டார். உடனே கொண்டு வந்திருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் அந்தக் கூண்டில் நின்று இதைக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து என் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கணக்குப் பார்த்தேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒரு வரி போதும். தெரியுமா, தெரியாதா?

சத்யா

*

மத்திய சிறை, திருச்சி
2.11.2025

சத்யா,

ஏழு வாரமாகப் பதில் போடவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

தெரியும்.

நின்ற வண்டி என்னுடையதுதான். இறங்கவில்லை. சைடு கண்ணாடியில் பார்த்தேன். புல்லுக்கட்டு ரோட்டில் கிடந்தது. அவர் கரையில் கையை ஊன்றி எழப் பார்த்தார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கியரைப் போட்டுவிட்டேன். சந்தையில் லோடு இறக்கிவிட்டுக் கொஞ்சம் குடித்திருந்தேன். போலீஸ் வந்தால் வாசனை பிடிப்பார்கள், லைசென்ஸ் போய்விடும், வண்டி போய்விடும் என்று மட்டும்தான் அந்த நேரத்தில் ஓடியது. திரும்பிப் போகலாம், திரும்பிப் போகலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆடு என்று சொல்ல வேண்டும் என்று நினைத்து வரவில்லை. நீ வாசலில் நின்றாய், உன்னைப் பார்த்ததும் அந்த வார்த்தை வாயில் வந்துவிட்டது. பிறகு போலீஸிடம், வக்கீலிடம், அண்ணனிடம் என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் எனக்கே ஆடுதான் ஞாபகத்தில் வர ஆரம்பித்தது. உன் கடிதம் வந்த பிறகு அது போய்விட்டது. இப்போது அந்தக் கை மட்டும்தான் தெரிகிறது.

உன்னைக் கழுவச் சொன்னதற்கு நான் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பேன்?

டிசம்பர் 8, திங்கட்கிழமை விடுதலை. நீ வருவாயா?

ரத்தினவேல்

*

வல்லத்திராக்கோட்டை
15.11.2025

மாமாவுக்கு,

படித்தேன். எழுதியதற்காக உங்களை வெறுக்கவில்லை. எழுதாமல் இருந்திருந்தால் வெறுத்திருப்பேன்.

8-ஆம் தேதி காலை காரோடு வாசலில் நிற்பேன். நீங்கள் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். வரும் வழியில் கீழத்தெருவில் சொர்ணம் அக்கா வீட்டு முன்னால் நிறுத்துவேன். எனக்கு எழுதியதை நீங்கள் அவரிடம் வாயால் சொல்ல வேண்டும். நானும் இறங்குவேன். கழுவியது நான்தான் என்று நானும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் என்ன சொன்னாலும், என்ன செய்தாலும், இரண்டு பேரும் நின்று வாங்கிக்கொள்வோம். அதன் பிறகு நம் வீட்டுக்குப் போகலாம்.

அது முடியாது என்றால் என் காரில் ஏற வேண்டாம்.

சத்யா

*

வல்லத்திராக்கோட்டை
10.12.2025

ரத்தினவேல் அவர்களுக்கு,
சேவுகன் வீடு, பொன்னமராவதி

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் சிறை வாசலுக்குப் போய்விட்டேன். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் காரை விட்டு இறங்கி நின்றேன். பதினொரு மணிக்குக் காவலரிடம் கேட்டேன். "அவரு ஏழு மணிக்கே போயிட்டாரேம்மா. வெளிய வந்து அந்த மரத்துப் பக்கம் கொஞ்ச நேரம் நின்னாரு. வெள்ளைக் காரையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் ஒரு ஆட்டோ வந்துச்சு, ஏறிட்டாரு" என்றார். கூட்டத்தில் நான் கவனிக்கவில்லை. சாயங்காலம் உங்கள் அண்ணன் போன் செய்து, தம்பி இங்கிட்டுத்தான் இருக்கான் என்றார்.

தனியாகத்தான் திரும்பி ஓட்டி வந்தேன். கீழத்தெருவில் நிறுத்தினேன்.

சொர்ணம் அக்கா கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் நிறுத்தியதை, பார்த்ததை, கிளம்பியதை. நான் ஊற்றிய மூன்று குடத்தை. உங்கள் கடிதத்தைப் படித்தும் காட்டினேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. உரித்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது. "அந்த எடத்தைத் திரும்பப் படி" என்றார்.

படித்தேன்.

"ஏதோ சொன்னாருன்னு இருக்குல்ல. என்ன சொன்னாராம்?"

"எழுதலக்கா."

"ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாதுக்கா."

"காசு பணம் ஒண்ணும் வேணாம் தாயி. மன்னிப்பும் இப்ப வேணாம், குடுக்க எங்கிட்ட இல்ல. அவரு கடைசியாச் சொன்னதை மட்டும் கேட்டு வாங்கிக் குடு. அது எனக்குள்ளது. அதை அந்த மனுசன் மூணு வருசமா வச்சிருக்கான்."

கடலையைத் திரும்ப உரிக்க ஆரம்பித்தார். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

தேவிப்ரியாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன், வயதுக்குத் தக்கபடி. உங்களைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லும் நாளில் நானே காரில் கொண்டு வந்து விடுவேன், திரும்பக் கூட்டியும் வருவேன். உங்கள் துணிமணிகளைச் சேவுகன் அத்தானிடம் கொடுத்து அனுப்புகிறேன். வீட்டுக்கு வர வேண்டாம்.

எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. நீங்கள் எழுத வேண்டிய முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். அவருக்குப் படிக்க வராது. தபால் வந்தால் என்னிடம் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார், நான் படித்துக் காட்டுவேன். ஒரு வார்த்தை என்றாலும் சரி, அவர் சொன்னது எதுவோ அதை அப்படியே எழுதுங்கள்.

சத்யா

சொர்ணம்,
கணவர் பெயர் மூக்கன்,
கீழத்தெரு,
வல்லத்திராக்கோட்டை,
புதுக்கோட்டை மாவட்டம்.