வாப்பா இழுத்த வயரும் உம்மா கேட்ட வெளிச்சமும்

என் அருமை வாப்பாவுக்கு, தில்லையடியிலிருந்து உங்கள் வாயாடி மகளின் ஸலாம்.

உங்களை அடக்கிய கப்றடிக்கு வந்து நின்று கதைக்க எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்கு வாய்ப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊராரும் படிக்கட்டும் என்று திறந்த கடிதமாகவே எழுதுகிறேன். நம் வீட்டுக் கதை பாதிப்பேருடைய வீட்டுக் கதையும்தான்.

உங்களுக்குப் பிடிக்காத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இழுத்த வயரையெல்லாம் கழற்றிவிட்டோம். ஒன்று விடாமல். வீடு முழுக்கப் புது வயரிங்.

கோபம் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள் வாப்பா. உயிரோடு இருந்தபோதுதான் நான் சொல்லி முடிக்குமுன் எழும்பிப் போவீர்கள். இப்போதாவது முழுக்கதையையும் கேளுங்கள்.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் மன்னாரிலிருந்து நம் முஸ்லிம் ஆட்கள் எல்லோரும் விரட்டப்பட்டு இந்தக் கரைக்கு வந்தபோது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். முதலில் கிடுகுக் கொட்டில். பிறகு கல்லால் ஓர் அறை, பிறகு இன்னொன்று, பிறகு சமைக்க ஒரு குசினி. பள்ளிவாசல்துறையில் கருவாடு எடுத்துக் கொழும்புக்கு அனுப்பும் உங்கள் யாவாரம் கைகொடுத்த போதெல்லாம் வீடு ஓர் அறை வளர்ந்தது. ஒவ்வோர் அறை எழும்பும்போதும் முந்திய அறையிலிருந்து இரண்டு கம்பி வயர் ஒன்றை இழுத்து, மூட்டில் டேப் சுற்றி, ஆணி அடித்து, ஒரு குண்டு பல்பைத் தொங்கவிடுவீர்கள். இப்படியே ஒரு பிளக்கின் தயவில் முழு வீடும் ஓடியது.

"ஒரு கரண்ட் வேலை பாஸைக் கூப்பிட்டு ஒழுங்கா வயரிங் செய்யுங்களேன்" என்று யார் சொன்னாலும் உங்களிடம் ஒரே பதில்தான். "விட்டுட்டுப் போகப்போற வீட்டுக்கு என்னத்துக்கு வயரிங்?"

நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று எங்களுக்குத் தெரியாததல்ல. மன்னாரில் கட்டிய வீட்டுக்கு ஆசை ஆசையாக வயரிங் செய்து முடித்து, அதில் இருந்து அனுபவிக்குமுன் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். சண்டையால் கரண்ட் நின்றுபோயிருந்த காலம் அது. அப்படியிருந்தும், வெளிக்கிடும்போது மெயின் சுவிட்சை மறக்காமல் ஓஃப் பண்ணிவிட்டு வந்தவர் நீங்கள். ஆளில்லாத வீட்டில் கரண்ட் வந்து லைட் எரிந்தால் வீண்செலவாம்! நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்த மனிதர் வேறென்ன செய்வார்? அதன்பிறகு ஒரு வீட்டுக்கு மனதார வயர் அடிக்க உங்கள் கை போகவில்லை. அது எனக்கு நன்றாக விளங்குகிறது.

ஆனால் வாப்பா, வயருக்கு அதெல்லாம் விளங்காதே.

நம் ஃபிரிஜ் நினைவிருக்கிறதா? வெறுங்காலோடு தொட்டால் விரலில் சுள்ளென்று கடிக்கும். அதைத் திருத்துவதை விட்டுவிட்டு, அதன் முன்னால் ஒரு சோடி ரப்பர் செருப்பைப் போட்டுவைத்தோம். வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் எடுக்கச் சொன்னால்கூட, "செருப்பைப் போட்டுட்டுத் திறங்க" என்று மரியாதையாகச் சொல்வோம். அவர்களும் சரியென்று போட்டுக்கொள்வார்கள். ஒருவருக்கும் அது புதினமாகத் தெரியவில்லை. அவரவர் வீட்டிலும் ஒரு செருப்போ ஒரு மரப்பலகையோ கிடந்திருக்கும் போல.

நீங்கள் மௌத்தானதும் வயரிங்கைப் பற்றி நான் வாயைத் திறந்தேன். கணவனை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உம்மா இருந்தார். அன்னிய ஆண்கள் வீட்டுக்குள் வந்து போக முடியாது, சரி, பொறுத்தேன். இத்தா முடிந்தது. "நோன்பு வரட்டும்" என்றார். நோன்பு வந்து போனது. "ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும்" என்றார். உங்களோடு இத்தனை காலம் வாழ்ந்தவர் அல்லவா, சாக்குச் சொல்ல நன்றாகவே பழகியிருந்தார்.

அதற்குள் உம்மாவுக்குக் கரண்ட் அடித்துவிட்டது.

அஸர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்துவிட்டு, ஈரக்கையும் ஈரக்காலுமாகக் குசினிக்குள் போயிருக்கிறார். ஏதோ யோசனையில் செருப்பை மறந்துவிட்டார். ஒரு சத்தம் கேட்டு ஓடினேன். ஃபிரிஜ் கைபிடியில் கை ஒட்டிக்கொண்டு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பாய்ந்து பிடிக்கத்தான் என் கையும் போனது. அல்லாஹ்தான் புத்தியைத் தந்தான், திரும்பி மெயின் சுவிட்சுக்கு ஓடினேன். அதை இழுத்து விழுத்திய பிறகுதான் உம்மா தரையில் விழுந்தார். அந்தக் கணத்தில் உங்கள்மீது எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத மாட்டேன்.

பக்கத்து வீட்டார் ஓடிவந்து த்ரீவீலில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் வைத்து இதயத்துடிப்பைப் பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பினார்கள். உள்ளங்கையில் ஒரு தழும்போடு தப்பினார், அல்ஹம்துலில்லாஹ். "கரண்ட் கசிஞ்சா தானா விழுற ட்ரிப் சுவிட்ச் வீட்டுல இல்லையா?" என்று டாக்டர் கேட்டார். இருக்கிறது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இருந்தது, வாப்பா. ஒரு நோன்பில், விடியுமுன் சஹருக்குச் சமைக்கும் நேரம் பார்த்து அது திரும்பத் திரும்ப விழுந்தது. வீட்டார் பட்டினியோடு நோன்பு பிடிக்கக் கூடாதே என்று நீங்கள் கதிரையில் ஏறி, அதைச் சுற்றி நேரே ஒரு வயர் கொடுத்தீர்கள். "இனி இது வாயைத் திறக்காது" என்று சிரித்தீர்கள். எங்கேயோ கரண்ட் கசிகிறது என்றுதான் அது அத்தனை தரம் விழுந்திருக்கிறது. உங்களுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பீர்களா?

உம்மா வீட்டுக்கு வந்த கையோடு, உடப்பிலிருந்து யோகன் என்ற வயரிங் பாஸை வரவழைத்தேன். கதை ஓயாத மனிதர். உங்களுக்கு அவரைப் பிடித்திருக்கும். கூரைக்குள் தலையை விட்டவர் அங்கிருந்தே கத்தினார்.

"உப்புக்காத்து வயர் மூட்டுகளையெல்லாம் திண்டிட்டுது தங்கச்சி. செம்பு பச்சை பிடிச்சுப் போய்க் கிடக்கு. எர்த் வயர் எண்ட ஒண்டே இல்ல. இதுக்குக் கீழயா படுத்து எழும்பினீங்க?"

உம்மா கதவுக்குப் பின்னால் நின்று சொன்னார்: "அவரு இழுத்தது. இவ்வளவு காலமும் எரிஞ்சதுதானே?"

"எரிஞ்சதுதான் அம்மா. வீடு எரியாதது உங்கட நல்ல காலம்."

"அதுல கை வெக்க வேணாம் எண்டு சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு உம்மா உள்ளே போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"வாப்பாட கை பட்டது மகள் அது. அதையும் கழட்டிப் போட்டா அவரு இந்த வீட்டுல எங்க இரிக்காரு?"

எனக்கும் அழுகை வந்துவிட்டது. "வாப்பாவத்தான் மௌத்துக்குக் குடுத்துட்டம். உங்களுக்கும் ஒண்டு ஆகிப் போனா நான் ஆருட்ட போற உம்மா?" என்றேன்.  அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "சரி, செய்யச் சொல்லு. ஆனா லைட் எல்லாம் எரிஞ்ச இடத்துலயே எரியட்டும். ஒண்டும் மாத்த வேணாம்" என்றார்.

யோகன் பென்சிலை எடுத்துக்கொண்டு வந்து, "லைட் எங்க எங்க வேணும் எண்டு காட்டுங்க அம்மா, அடையாளம் போடுறன்" என்றார்.

"இருந்த இடத்துல போடுங்க."

"இருந்த இடம் வயர் எட்டின இடம் அம்மா. உங்களுக்கு எங்க வேணும்?"

 உம்மா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் விறுவிறென்று குசினிக்குள் போய், மீன் வெட்டும் பலகைக்கு மேலே கையை நீட்டினார்.

"இங்க."

"அங்க என்னத்துக்கு உம்மா?"

"மீன் வெட்டக்குள்ள என்ட நிழல் என்ட கைமேலேயே விழும். கத்தி எங்க போகுது எண்டு தெரியாது."

முன்னறையான சாலைக்கும் குசினிக்குமாக நடுவாசலில் ஒரே பல்பைத் தொங்கவிட்டீர்களே வாப்பா, சிக்கனமாக. உம்மா பலகையில் குந்தினால் வெளிச்சம் அவர் முதுகில்தான் விழும். நுரைச்சோலைப் பக்கம் நாட்டுக்கே கரண்ட் எடுக்கிறார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு நம் வீட்டுப் பெண் தன் நிழலுக்குள் மீன் வெட்டியிருக்கிறார். நாமெல்லாம் அந்த மீனைச் சாப்பிட்டுவிட்டு, ஆணக் குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

உம்மா அதோடு நிற்கவில்லை. தொழுகைப் பாயடிக்குப் போனார், குர்ஆன் ஓத அங்கே ஒன்று. கட்டிலடியில் ஒரு சுவிட்ச், இருட்டில் தடவிக்கொண்டு எழும்பாமல் இருக்க. மழைக்கு வழுக்கும் பின்வாசல் படிக்கு ஒன்று. சுவிட்சு எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட அவரிடம் இருந்தது. எல்லாவற்றையும் எப்போதோ யோசித்து முடித்துவிட்டுக் காத்திருந்தவர் போல ஒவ்வொன்றாகக் காட்டினார். யோகன் பின்னாலேயே கோடு போட்டுக்கொண்டு போனார்.

அவர் வெளியே போனதும் கேட்டேன். "இதெல்லாம் வாப்பாக்கிட்டயே சொல்லியிருக்கலாமே உம்மா?"

"எப்படிச் சொல்ற மகள்? அவரு ஊருக்குப் போற நினைப்புலயே இருந்தாரு. நான் இங்க ஒரு லைட்டக் கேட்டா, நாம போகமாட்டம் எண்டு அவரு மூஞ்சிக்கு நேர சொன்னமாதிரிப் போகும்."

"அப்ப, போகமாட்டம் எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு அது எப்பவோ தெரியும்" என்று சொல்லிவிட்டு சோறாக்கப் போய்விட்டார்.

உங்களுக்கு இது தெரியுமா, வாப்பா? நீங்கள் ஒவ்வொரு பெருநாளுக்கும் "அடுத்த பெருநாள் மன்னாரில" என்று சொல்லும்போது, இன்ஷா அல்லாஹ் என்று முதலில் சொல்பவர் உம்மாதானே? தெரிந்திருந்தும் தெரியாத மாதிரி நீங்களும் இருந்தீர்களா? நீங்கள் நொந்துபோகக் கூடாது என்று அவர் வெளிச்சம் கேட்கவில்லை. அவர் நொந்துபோகக் கூடாது என்று நீங்கள் ஊருக்குப் போகும் கதையை நிறுத்தவில்லையோ என்னவோ. இதை யாரிடம் போய்க் கேட்பேன்?

வேலை முடிந்த கதையைச் சொல்கிறேன். எல்லா வயரும் குழாய்க்குள்ளால் போகிறது. எர்த் கம்பி நிலத்துக்குள் இறங்கியிருக்கிறது. ட்ரிப் சுவிட்சுக்கு அதன் வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். குண்டு பல்பெல்லாம் போய் எல்ஈடி வந்துவிட்டது. "ஆஸ்பத்திரி வெளிச்சம்" என்று நீங்கள் வெறுத்தீர்களே, அந்த வெள்ளை இல்லை. இப்போது இளமஞ்சளிலும் வருகிறது. உம்மாதான் கடையில் ஒவ்வொன்றாக எரியவைத்துப் பார்த்து எடுத்தார். முன்னைவிட இரண்டு மடங்கு இடத்தில் லைட் எரிகிறது, கரண்ட் பில் குறைந்திருக்கிறது. பில் தந்தவர் பிழையாக எழுதிவிட்டாரோ என்று உம்மாவுக்கு இன்னும் சந்தேகம்.

நீங்கள் இழுத்த வயரைப் பழைய செம்பு எடுப்பவர் வந்து கொண்டுபோனார். உம்மா ஒரு துண்டு எடுத்து வைப்பார் என்று பார்த்தேன். இல்லை. வயர் கிடந்த இடத்தைக் கூட்டி அள்ளினார். ஒளித்து ஒரு துண்டை எடுத்து அலுமாரிக்குள் வைத்தது நான்தான், சிரிக்காதீர்கள்.

அன்று இருட்டியதும், மஃரிப் தொழுகைக்குப் பிறகு உம்மா பலகையடியில் குந்தி ஓரா மீன் வெட்டினார். அதன் முள் குத்தினால் என்ன கடுப்புக் கடுக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மீனை எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டு, வெளிச்சத்தில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ட கை எப்ப மகள் இப்படிக் கிழடாப் போனது?"

 அவரே சிரித்துவிட்டு வெட்டத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் உம்மாவின் கையை நானும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

இனி நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. ட்ரிப் சுவிட்சில் ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. மாதம் ஒருமுறை அதை அமத்தி, அது விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பேன். அது எந்த நேரத்தில் விழுந்தாலும், சஹர் நேரமாகவே இருந்தாலும், ஏன் விழுந்தது என்று தேடுவேன். அதன் வாயை யாரும் அடைக்க விடமாட்டேன்.

இன்னொரு வாக்கும் தருகிறேன். இந்தக் காற்றுக் காலம் முடிந்ததும் உம்மாவை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போவேன். நீங்கள் போக ஆசைப்பட்ட வீட்டு வளவில் இருவரும் நின்று உங்களுக்காக யாசீன் ஓதுவோம். வேண்டுமானால் உம்மா அங்கே உட்கார்ந்து மனதார அழட்டும், நான் தடுக்க மாட்டேன். பின்னேரம் அவரைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன், வாப்பா. தில்லையடி வீட்டுக்கு.

என்றும் உங்களுக்காக துஆ கேட்கும்,
உம்மாவின் இடுப்பில் ஏற்றி நீங்கள் கொண்டுவந்த பிள்ளை,
நஸீமா