விற்றுப்போன கார்பனும் சாய்ந்து நிற்கும் மரமும்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
மலைச்சரிவுத் தெரு, கடைசி வீடு.

பெறுநர்:
கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
கார்பன் கிரெடிட் திட்ட அலுவலகம்.

பொருள்: என் தங்கை வீட்டின்மேல் சாய்ந்திருக்கும் மரத்தை வெட்ட அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முன்பு ஒரு மாணவன் வகுப்பில் எழுந்து, "டீச்சர், இன்னிக்கு இவனை அடிக்கலாம்னு இருந்தேன். அடிக்கல. எனக்கு மார்க் உண்டா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னேன். அதே கேள்வியை ஒரு நிறுவனம் உங்கள் அலுவலகத்தில் கேட்டு, முழு மதிப்பெண்ணும் வாங்கிச் சென்றிருப்பதை இப்போதுதான் அறிந்தேன்.

1. எங்கள் குடும்பத் தோப்பு தங்கை வீட்டுக்குப் பின்புறச் சரிவில் உள்ளது. நானும் தங்கையும் அதில் ஒரு மரத்தைக்கூட வெட்ட நினைத்ததில்லை. மரங்களைப் பாதுகாக்கும் திட்டம் என்று சொல்லி அந்த நிறுவனத்தார் எங்களிடம் கையெழுத்து வாங்கினர். ஆனால் வெட்டப்படவிருந்த மரங்களைக் காப்பாற்றினால்தான், புகை விடுவோருக்கு விற்கக்கூடிய கிரெடிட் கிடைக்குமாம். ஆகவே, 'உரிமையாளர்கள் தோப்பு முழுவதையும் அழிக்கவிருந்தனர். நாங்கள் தடுத்தோம்' என்று நிறுவனத்தார் அறிக்கை கொடுத்துவிட்டனர். வயதான காலத்தில் காட்டை அழிக்கவிருந்தவள் என்ற பட்டமும் கிடைத்ததில் மகிழ்ச்சியே.

2. இப்போது உண்மையாகவே ஒரு மரத்தை வெட்ட வேண்டியுள்ளது. சென்ற மழையில் மண் இளகி, அது தங்கை வீட்டுக் கூரைப்பக்கம் சாய்ந்துவிட்டது. நேர் கீழே அவளுடைய தையல் இயந்திரம். அவளுக்கு வேறு அறையும் இல்லை, வேறு பிழைப்பும் இல்லை. "ஒரு சுள்ளி விழுந்தாக்கூட தையல் கோணிக்கிட்டுப் போகுதுக்கா" என்கிறாள்.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "மரம் உங்களுதுதான் டீச்சர். அதுல இருக்கிற கார்பனைத்தான் வித்தாச்சு" என்றார் மேலாளர், மிகப் பணிவாக. வாங்கியது ஒரு விமான நிறுவனமாம். அவர்கள் விமானம் விடும் புகைக்கு ஈடாக, என் தங்கையின் தலைக்கு மேல் இந்த மரம் இன்னும் பல ஆண்டுகள் நிற்க வேண்டும். வெட்ட நினைக்காதபோது வெட்டுவாள் என்றார்கள். வெட்டியே தீரவேண்டியபோது கூடாது என்கிறார்கள்.

3. ஒரு சின்னச் சந்தேகம். விற்ற கார்பன் மரத்துக்குள் இருக்கிறதா? நெஞ்சு உயரத்தில் நாடா சுற்றி அளந்தார்கள். அந்தச் சுற்றளவிலிருந்தே கணக்குப் போட்டார்கள். புத்தகப்பையின் பருமனைப் பார்த்து மதிப்பெண் போடுவதைப் போன்ற முறை இது. என் காலத்தில் தெரியாமல் போயிற்று. எத்தனை விடைத்தாள் திருத்தும் வேலை மிச்சமாகியிருக்கும்! உள்ளே கரையான் குடியேறி வெகுநாளாயிற்று. விற்ற சரக்கை அது தின்றுகொண்டிருக்கிறது. 'மரத்தைத் தொடக்கூடாது' என்று நிறுவனத்தார் எனக்கு அனுப்பிய எச்சரிக்கை நோட்டீஸின் நகல் கரையானுக்கும் அனுப்பப்பட்டதா என்று தெரியவில்லை.

4. எங்களைத் 'தடுத்த' அதே ஆண்டில் மலையின் மறுபக்கம் மரமெல்லாம் வெட்டப்பட்டு மொட்டையாகிவிட்டது. அது திட்ட எல்லைக்கு வெளியே என்றார் மேலாளர். அந்த எல்லை எதுவென்று காற்றுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள் என நம்புகிறேன்.

காற்றுக்காலம் தொடங்கிவிட்டது. தோப்பின் மற்ற மரங்கள் அனைத்தும் அப்படியே நிற்கட்டும். அவற்றை நாங்கள் வழக்கம்போல வெட்டாமலே இருப்போம். இந்த ஒரு மரத்தை மட்டும், அது தானாக விழுவதற்கு முன் வெட்ட ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

ஆணையிடத் தயக்கமிருந்தால் நேரில் வாருங்கள். நாடாவும் வேண்டாம், கருவியும் வேண்டாம். அந்த மரத்தை விரல் முட்டியால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மெதுவாகத் தட்டுங்கள், கீழே என் தங்கை தைத்துக்கொண்டிருப்பாள்.

இடம்: தங்கை வீட்டுத் தையல் அறை
நாள்: காற்றுக்காலத்தின் முதல் திங்கட்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை